சாமி வராத வருஷம்

செல்லமுத்து,

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. எழுதினால் நீயும் அவ்விடம் சுகம் என்று பதில் போடுவாய். அப்பனும் மகனும் ஆளுக்கு ஒரு பொய்யைத் தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இத்தனை வருஷமாக அப்படித்தான் இருந்தோம். இந்தத் தடவை அது வேண்டாம்.

நீ போட்ட கார்டு வந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு லீவு எடுத்துக்கொண்டு வருவதாகவும், உன் பெரியப்பா எழுதினபடி கருப்பண்ணசாமியின் அரிவாளை இந்த வருஷம் நீயே கையில் வாங்கிக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறாய். எழுத்து பெரிது பெரிதாக, வரிக்கு வரி மேலே ஏறிக்கொண்டே போய், இடம் போதாமல் ஓரத்தைச் சுற்றிவந்து, விலாசம் எழுதுகிற பக்கத்திலும் வழிந்திருக்கிறது. தபால்காரர் நம் ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்ததே பெரிய விஷயம். உன் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. கார்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவன் தூங்கலைங்க" என்றாள். அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நான் அந்தக் கார்டை அதற்குப் பிறகுதான் பயத்தோடு படித்தேன்.

பெரியப்பா உனக்கு என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினார். தம்பிக்கு வயதாகிவிட்டது, போன வருஷம் சாமி இறங்கவில்லை, இனிமேல் அவன் மகன்தான் ஆடவேண்டும் என்று எழுதியிருப்பார். நீ போன வருஷம் லீவு கிடைக்காமல் வரவில்லை, அதனால் நடந்தது உனக்குத் தெரியாது. அவர் பொய் எழுதவில்லை. ஆனால் பாதியைத்தான் எழுதியிருக்கிறார். மீதியை எழுதத்தான் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும். நீயும் உட்கார்ந்து படி. நடந்துகொண்டே படிக்காதே.

மாசி மாதம் வள்ளியம்மை தன் தங்கை கல்யாணத்துக்கு வந்தபோது நம் வீட்டில் தங்கினாள். உன் பெண்டாட்டி உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, அதை முதலில் தெரிந்துகொள். உன் அம்மாவோடு உட்கார்ந்து புளி கொட்டை எடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மாமாவும் இப்படித்தான் இருந்தாங்களா அத்தை?" அம்மா மெல்ல மெல்லக் கேட்டு வாங்கியதில் மற்றதெல்லாம் வந்தது. கார்த்திகையில் நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதும், மறைவாக விற்கிறவனிடம் வாங்கி ஒரு வாய் ஊற்றிக்கொண்டால்தான் எழுந்து ரயில்வே வேலைக்குப் போக முடிந்ததும், தை பிறந்ததும் ஒரேயடியாக மாறிப்போய் தெருவில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வீடு கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்ததும். அம்மா வந்து என்னிடம் சொன்னபோது என் கதையை யாரோ எனக்கே திருப்பிச் சொல்வதுபோல் இருந்தது.

அந்த வேகம் ஏறும்போது எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை மறைத்துவிட்டு உனக்குப் புத்தி சொன்னால் நீ என்னை நம்பமாட்டாய். நன்றாகத்தான் இருக்கும். பசி தெரியாது, களைப்புத் தெரியாது. சொல்ல நினைத்த வார்த்தை தானாக நாக்கில் வந்து நிற்கும். அரியலூர்ச் சந்தையில் முன்பின் தெரியாத ஆள்கூட நம் பேச்சைக் கேட்க நிற்பான். மற்றவர்கள் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள், இவ்வளவு மெதுவாக யோசிக்கிறார்கள் என்று எரிச்சல் வரும். அந்த எரிச்சலில் உன் அம்மாவை நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. அவளும் அதைத் திருப்பிச் சொல்லிக்காட்டியதில்லை.

இந்த ஏற்றத்துக்கு நம் வீட்டில் சாமி என்று பெயர் வைத்திருந்தோம். என் அப்பாவுக்குப் பிறகு அரிவாள் என் கைக்கு வந்தது. காப்புக் கட்டினதிலிருந்து கோவிலில்தான் படுக்கை, ஒருவேளைதான் சாப்பாடு. விடிய விடிய உடுக்கையும் பறையும் அடிக்கும். தூங்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, தூங்கவும் யாரும் விடவில்லை. கடைசி நாள் படையலில் கிடாய்க் கறியோடு சுருட்டும் சாராயமும் இருக்கும். சாமியாடுகிறவன் அந்தச் சாராயத்தைக் குடித்துவிட்டுத்தான் குறி சொல்லவேண்டும். மிச்சத்தைப் பிரசாதம் என்று பையன்கள் நாக்கில் தடவுவோம். உன் நாக்கிலும் தடவியிருக்கிறோம். மற்றவர்களை அந்தச் சாராயம் கீழே தள்ளும். என்னை அசைக்காது. தூக்கமில்லாமல் ஏற்கனவே ஏறிப்போயிருந்த எனக்கு அது உறைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஊர் என்ன சொன்னது தெரியுமா? குடித்தது அவன் இல்லை, கருப்பு என்றது. அதனால் இன்னும் ஊற்றினார்கள். ஊர் என்னை ஏமாற்றவில்லை, நானும் ஊரை ஏமாற்றவில்லை. எல்லோரும் மனதார நம்பினோம்.

திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த பிறகும் சாமி இறங்காது. வைகாசி முழுக்க எனக்கு அதே வேகம்தான். நம் மேட்டுக்காட்டில் அரைக்கிணறு ஒன்று கிடக்கிறதே, சின்ன வயதில் நீ கல் எறிந்து ஓணான் துரத்தின இடம், அது அப்படி ஒரு வைகாசியில் தோண்டினது. கருப்பு இடம் காட்டினான் என்று நானே கோடு கிழித்தேன். ஆள் வைத்து வெட்டினேன், ஆட்கள் போன பிறகு தனியாகவும் வெட்டினேன். ராத்திரி கண்ணை மூட முடியாமல், தூக்கம் வரட்டும் என்று சாராயம் குடித்தேன். குடித்தால் கண் சொருகும், உண்மைதான். ஆனால் கோழி கூவுவதற்கு வெகுநேரம் முன்னாலேயே விழித்துக்கொள்வேன், விழிக்கும்போது முன்னைவிட இரண்டு பங்கு வேகமாக இருப்பேன். சுக்கான் பாறை தட்டினதும் கூலிக்காரர்கள் இனி வெட்டவேண்டாம் என்றார்கள். அவர்களை அடிக்கப் போனேன். நம் உழவு மாடு இரண்டையும் அரும்பாவூர்க்காரர் ஒருவருக்கு, அவர் கேட்காமலே, சும்மா பிடித்துக் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர், மறுநாள் ஓட்டிவந்து உன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

ஆனி கடைசியில் ஒருநாள் காலையில் எழுந்தேன், எல்லாம் போயிருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. ஆடிப்பட்டத்துக்கு ஊரெல்லாம் ஏர் கட்டிக்கொண்டிருந்தபோது நான் கட்டிலில் கிடந்தேன். சாமி ஏறி இறங்கின அலுப்பு, சரியாகிவிடும் என்றார்கள் பங்காளிகள். உன் தாய்மாமனுக்கு என்மேல் உயிர். நான் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் காலையில் மரத்திலிருந்து இறக்கின கள்ளை ஒரு கலயம் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். "ஒரு வாய் உள்ள போச்சுன்னா மச்சான் எந்திரிச்சிடுவாரு" என்றார். எழுந்தேன். கஞ்சி குடித்தேன், பேசினேன், உன்னைத் தூக்கி மடியில்கூட வைத்துக்கொண்டேன். எல்லோருக்கும் சந்தோஷம். பொழுது சாயும்போது காலையில் இருந்ததைவிடக் கீழே இருந்தேன். மறுநாள் அதே அளவுக்கு எழுந்திருக்க இரண்டு கலயம் வேண்டியிருந்தது. அதற்கு மறுநாள் எத்தனை குடித்தும் எழுந்திருக்க முடியவில்லை, அழுகைதான் வந்தது.

ஒருநாள் யாருக்கும் தெரியாமல் போய் அந்த அரைக்கிணற்றின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குடித்திருந்தேன். குடிக்காமல் இருந்திருந்தால் அவ்வளவு தூரம் நடந்திருக்கமாட்டேன், அந்த நினைப்போடு அவ்வளவு நேரம் இருந்திருக்கவும் மாட்டேன். உன் அம்மா புல்லுக்கட்டோடு வந்தாள். பார்த்தாள். கத்தவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. கட்டை இறக்கிவைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் அவளும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். "காலு வலிக்குது. கொஞ்சம் உக்காந்துட்டுப் போவலாம்" என்றாள். நான் எழுந்திருக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. இதை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. உனக்கு ஏன் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

அந்த வருஷம் தப்பித்தேன். அதற்குப் பிறகும் வருஷா வருஷம் இதே கதைதான். யுத்த காலத்தில் ஒரு ஆடி மாதம் அவள்தான் என்னைத் திருச்சிக்கு ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கரி போட்டு ஓட்டின பஸ் அப்போது. பெரம்பலூரில் ஏறினோம். பாடாலூரில் அடுப்பைக் கிளற நிறுத்தினான், நான் இறங்கித் திரும்பி நடக்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். வெட்கத்தில் நான்தான் திரும்பி ஏறினேன்.

டாக்டர் என்னிடம் கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். சாமி ஆடுவதையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. சாமியைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, தூக்கத்தைப் பற்றித்தான் தெரியும் என்றார். பிறகு சொன்னதை நான் மறக்கவில்லை. "ஏறுறதும் இறங்குறதும் ரெண்டு வியாதி இல்லீங்க, ஒண்ணுதான். குடி அதை உண்டாக்கலை. ஆனா ரெண்டு பக்கமும் அதுக்குச் சோறு போட்டு வளக்குறது குடிதான்." தூங்குவதற்கு உப்புக்கரிக்கும் மருந்து ஒன்று கொடுத்து, அதோடு சாராயம் சேரவே கூடாது என்று என்னிடம் இரண்டு தடவையும் உன் அம்மாவிடம் ஒரு தடவையும் சொன்னார். நான் ஒரு நாள் சேர்த்துப் பார்த்தேன். மாட்டுத்தொட்டி ஓரம் விழுந்து கிடந்த என்னை உன் மாமனும் அம்மாவும் தூக்கினபோது மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் கைவைத்துப் பார்த்தார்களாம். நீ அப்போது திருச்சியில் சித்தப்பா வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தாய். உனக்குச் சுகம் என்றுதான் கார்டு போட்டோம்.

அதற்குப் பிறகு குடியை விட்டேன். விட்டேன் என்றால், வருஷத்தில் ஒரு நாள் தவிர. திருவிழாவில் நான் எங்கே குடிக்கிறேன், கருப்பு அல்லவா குடிக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருந்து குடிக்கிறேன், கள்ளுக்கடைப் பக்கமே போவதில்லை, அப்படியும் வைகாசியில் ஏறி ஆடியில் விழுகிறேனே, டாக்டர் சொன்னது பொய் என்று ஒருநாள் உன் அம்மாவிடம் கத்தினேன். அவள் வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே சொன்னாள். "வைகாசியில ஏறுது, ஆடியில எறங்குது. சித்திரையில என்ன செஞ்சீங்கன்னு மட்டும் ரோசிக்க மாட்டேங்கிறீங்க." எனக்கு அவளை அடிக்கவேண்டும்போல் கோபம் வந்தது. சரியான இடத்தில் சொன்னால் அப்படித்தான் கோபம் வரும்.

இனி போன வருஷத்துக் கதை. கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் சட்டம் போட்டு மூடிவிட்டார்கள் அல்லவா, படையலுக்கு என்ன செய்வது என்று பங்காளிகள் கூடிப் பேசினார்கள். சாமிக்குச் சட்டம் கிடையாது என்று உன் பெரியப்பா சொல்லிவிட்டார். ஓடைப்பக்கம் மறைவாகக் காய்ச்சினார்கள். நானும் எப்போதும்போல் காப்புக் கட்டிக்கொண்டேன். ஆனால் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கினேன். சாமியாடி கோவிலில் படுக்காமல் பெண்டாட்டி போட்ட பாயில் படுக்கிறான் என்று ஊரில் முணுமுணுப்பு. உன் அம்மா காதில் வாங்கவில்லை. மருந்தை நேரத்துக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

கடைசி நாள் படையலில் கலயத்தை என் கையில் கொடுத்தார்கள். நாற்றம் மூக்கில் ஏறினதும் உடம்பெல்லாம் அதைக் கேட்டது, அதை மறைக்கமாட்டேன். முழுவதையும் கருப்பின் காலடியில் ஊற்றிவிட்டு அரிவாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடுக்கைக்காரர் அடித்தார். சாம்பிராணி போட்டார்கள். பெண்கள் குலவை இட்டார்கள். நான் நின்றேன். அவர் தாளத்தை மாற்றிப் பார்த்தார், வேகமாக அடித்துப் பார்த்தார், பாவம், வேர்த்துக் கொட்டியது. ஒன்றும் வரவில்லை. காலில் முள் குத்தியிருந்தது தெரிந்தது, வெயில் தெரிந்தது, பசி தெரிந்தது. கொஞ்சம் ஆடியிருக்கலாம். எப்படி ஆடுவது என்று எனக்குத் தெரியாதா என்ன. முழங்காலை ஒரு உதறு உதறினால் போதும், மற்றதை ஊரே செய்துகொள்ளும். அந்தக் கூட்டத்தில் பிள்ளை வரம் கேட்க வந்தவள் இருந்தாள், மழை எப்போது என்று கேட்க வந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தபோதுதான் பொய் ஆட்டம் ஆட மனம் வரவில்லை.

"சாமி வரலைங்க. நான்தான் நிக்கிறேன்" என்றேன்.

உடுக்கை நின்றது. உன் பெரியப்பா முன்னால் வந்தார். அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். "இத்தினி வருசமா வந்த சாமி இப்ப ஏன்டா வரலை?" என்றார். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. "தெரியலண்ணே. எனக்குத் தூக்கம் வருது" என்றேன். யாரோ சிரித்தார்கள். அரிவாளைக் கருப்பின் பக்கத்தில் சாத்திவிட்டுக் கூட்டத்துக்கு நடுவே வீட்டுக்கு நடந்தேன். என் அப்பாவின் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்ற அவமானம் வழியெல்லாம் இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்தேன். அந்தச் சித்திரையில் நான் தூங்கினதுபோல் எந்தச் சித்திரையிலும் தூங்கினதில்லை.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அதுவும் சுகம் என்று எழுதுகிற கார்டுதான். போன ஆடியிலும் இறங்கினேன். ஆனால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். கடலை விதைத்தேன், ஊருக்குப் பின்னால்தான், ஆனாலும் விதைத்தேன். இந்த வியாதி போகாது போலிருக்கிறது, செல்லமுத்து. கூடவே இருக்கும். அதற்குச் சோறு போடாமல் இருப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. கருப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. இப்போதும் வெள்ளிக்கிழமை போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். அவன் வருகிறவனாக இருந்தால் என்னைத் தூங்கவிட்டு வரட்டும்.

உனக்கு இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. உன் கார்டே சொல்கிறது. இந்த ஏற்றத்தோடு நீ வந்து காப்புக் கட்டிக்கொண்டு, தூக்கத்தை விட்டு, அந்தக் கலயத்தையும் குடித்தால் ஊர் மெய்சிலிர்த்துப் போகும். அப்பனைவிட மகனிடம் சாமி துடியாக இருக்கிறது என்பார்கள். பிறகு ஆடி வரும். அந்த அரைக்கிணறு இன்னும் அங்கேதான் இருக்கிறது, வள்ளியம்மைக்கு உன் அம்மாவின் பொறுமை இருக்குமா என்று சோதித்துப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அரிவாள் என் கையிலிருந்துதான் உன் கைக்கு வரவேண்டும், நீ வந்து கேட்டாலும் தரமாட்டேன். ஊர் கூடியிருக்கும்போது கேட்டால் ஊர் கூடியிருக்கும்போதே தரமாட்டேன் என்பேன். உனக்கு அவமானமாக இருக்கும். என்மேல் கோபம் வரும், பேசாமல்கூட இருப்பாய். இருந்துகொள். நீ இருந்தால் போதும் எனக்கு.

குடிக்காதே. இறங்கும்போது தூக்கிவிடும் என்று குடிக்காதே, ஏறும்போது தூங்கவைக்கும் என்று குடிக்காதே, சாமி கேட்கிறது என்றும் குடிக்காதே. அந்த டாக்டர் திருச்சியில் இன்னும் இருக்கிறார், சித்தப்பாவுக்கு வீடு தெரியும். வள்ளியம்மையையும் கூட்டிக்கொண்டு போ, அவர் கேட்பதற்கு அவள் பதில் சொல்லட்டும். நமக்கு ஏறும்போது நமக்குத் தெரியாது, பக்கத்தில் இருக்கிறவளுக்குத்தான் தெரியும். அவள் சொன்னால் உனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் அவள் சொன்னது சரி என்று எடுத்துக்கொள்.

திருவிழா வரைக்கும் காத்திருக்கவேண்டாம். லீவு கிடைக்காவிட்டால் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடு, அது உண்மைதான். உன் அம்மா நேற்றே கயிற்றுக்கட்டிலை இழுத்துக் கட்டி வேப்பமரத்தடியில் போட்டுவிட்டாள். கோழியைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டேன் என்கிறாள். வந்தவுடன் யாரிடமும் ஒன்றும் பேசவேண்டாம், என்னிடம் சண்டையும் போடவேண்டாம். வா, வந்து முதலில் தூங்கு. நீ எழுந்திருக்கும்வரை நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா